மன்னிப்பில் தொடங்கிய சட்டம்: வார்சா அநாதை இல்லத்தின் பிள்ளைகள் நீதிமன்றம்

பிள்ளைகள் தங்களுக்குள் மூளும் சண்டைகளைத் தாங்களே தீர்த்துக்கொள்ளப் பழக்க வேண்டும் என்னும் எண்ணம் பள்ளிகளில் பரவலாகப் பேசப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் என்றாலும், அதை ஒரு முழு அமைப்பாக நிறுவி, அதற்கென எழுத்து வடிவில் சட்டம் வகுத்து, ஏறத்தாழ முப்பது ஆண்டு இயங்கிய ஓர் இல்லம் அதற்கு வெகுமுன்பே போலந்தில் இருந்தது. வார்சா நகரின் க்ரோக்மல்னா தெருவில் 92ஆம் எண் கட்டடத்தில் 1912 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த யூத அநாதை இல்லத்துக்குப் போலிஷ் மொழியில் 'தோம் சியெரோத்', அதாவது 'அநாதைகள் இல்லம்', என்பதே பெயர். அதை நடத்தியவர் யானுஷ் கோர்ச்சாக் என்னும் புனைபெயரால் உலகம் அறிந்த குழந்தை மருத்துவர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். அவரோடு தோளோடு தோள் நின்று, இல்லத்தின் அன்றாடப் பொறுப்பின் பெரும்பகுதியைச் சுமந்தவர் ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா. கோர்ச்சாக்கைப் பற்றிப் பேசும் நூல்கள் பல இந்த அம்மையாரை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது நியாயமன்று. அவர் இல்லையேல் அந்த இல்லம் ஒரு மாதமும் ஓடியிராது.

அந்நாளில் வார்சா ரஷ்யப் பேரரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. வீட்டிலும் பள்ளியிலும் பிரம்படி இயல்பான ஒழுங்குமுறையாகக் கருதப்பட்டதால், இரு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் பெரியவர் வந்து இருவரையும் அடித்து விலக்குவதே வழக்கமான தீர்வாக இருந்தது. இல்லம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஏழைப் பிள்ளைகளுக்கான கோடை முகாம்களில் மேற்பார்வையாளராகப் பணியாற்றிய கோர்ச்சாக், பெரியவர் தலையிட்டுத் தீர்த்த சண்டை தீராமல் உள்ளே கனன்றுகொண்டிருப்பதையும், பிள்ளைகள் தாமே கூடிப் பேசி முடித்த வழக்கு அத்தோடு ஓய்ந்துவிடுவதையும் அங்கே கண்டறிந்தார். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள நூறு பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிப் படிக்கும் இடத்தில் தள்ளுதல், பட்டப்பெயர் சொல்லி அழைத்தல், கேளாமல் ஒருவர் பொருளை மற்றவர் எடுத்தல், விளையாட்டில் ஏமாற்றுதல் என நாள்தோறும் பூசல் எழுவது தவிர்க்க முடியாதது. அப்பூசல்களை அடக்கும் வழியை விட்டுவிட்டு, அவை முறையாக வெளிவருவதற்கு ஒரு வாயிலை அமைக்கும் வழியை அவர் தேர்ந்துகொண்டார்.

அந்த வாயில்தான் 'தோழர் நீதிமன்றம்'. அதன் நடைமுறை எளியது. குறையுள்ள பிள்ளை அறிவிப்புப் பலகையில் தன் பெயரையும், யார்மீது வழக்கு என்பதையும் எழுதிவைக்கும். செயலராக இருந்த ஆசிரியர் அன்று மாலை அதைப் பதிவேட்டில் ஏற்றி, மறுநாள் இரு தரப்பினரிடமும் சாட்சிகளிடமும் வாக்குமூலம் கேட்டுக் குறித்துக்கொள்வார். அதை நீதிபதிகள் முன் வாசிப்பதோடு அவர் வேலை முடிந்தது, தீர்ப்பில் அவருக்கு வாக்கு இல்லை. வாரம் ஒருமுறை மன்றம் கூடும். அந்த வாரத்தில் தம்மீது வழக்கு ஏதும் இல்லாத பிள்ளைகளின் பெயர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐந்து பேரை நீதிபதிகளாக எடுப்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுச் சொல்லும் குடவோலை முறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வேற்பாடு அந்நியமாகத் தோன்றாது. சீட்டு முறையால் இரண்டு பயன்கள் விளைந்தன: வலியவனோ வாய்ச்சாலகனோ நிரந்தர நீதிபதியாகிவிட முடியாது, இன்று குற்றவாளியாக நிற்பவன் அடுத்த வாரம் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமரக்கூடும் என்பதால், இருக்கையில் இருப்பவன் கை தானாகவே கொஞ்சம் தளரும்.

எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்ற விதி, பார்வைக்கு அலுவலக நடைமுறை போலத் தெரிந்தாலும், அம்முறையின் உயிர்நாடி அதுவே. கோபத்தில் பெயரெழுதிய பிள்ளைக்கு விசாரணை நாள் வருவதற்குள் கோபம் ஆறியிருக்கும். எதிராளியோடு அதற்குள் இரண்டு ஆட்டம் விளையாடியும் முடிந்திருக்கும். அப்போது வழக்கைத் திரும்பப் பெறலாம். சட்டத்தின் முதல் பிரிவே வழக்குத் தொடுத்தவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று பதிவுசெய்வதற்கான பிரிவாகும்.

கோர்ச்சாக் எழுதிய இச்சட்டநூல் ஒன்று முதல் ஆயிரம் வரை எண்ணிடப்பட்டது. ஆனால் எண்கள் தொடர்ச்சியாக ஓடவில்லை. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையுள்ள பிரிவுகள் அனைத்தும் விடுதலைக்கும் மன்னிப்புக்கும் உரியவை. அதன்பின் நூறு, இருநூறு, முந்நூறு எனத் தாவி ஆயிரத்தில் முடியும் பத்துப் பிரிவுகள் மட்டுமே குற்றத்தைக் குற்றமென்று சொல்பவை. அறியாமல் செய்தான், தவறி நேர்ந்தது, வருந்துகிறான், அவனுக்கு அப்படிச் செய்ய உரிமை இருந்தது என்று மன்னிக்கும் காரணங்களைத் தனித்தனியே பெயரிட்டு வகைப்படுத்தியதில்தான் இச்சட்டத்தின் கல்விப் பயன் தங்கியிருக்கிறது. பத்து வயது நீதிபதி 'மன்னிக்கலாம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழ முடியாது; எந்தப் பிரிவின்கீழ் மன்னிப்பது என்பதைத் தேடும்போது, எதிரே நிற்பவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதை யோசித்தே ஆகவேண்டும். பிறர் நிலையில் நின்று பார்க்கும் பயிற்சி என்று இன்றைய பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை, அந்தத் தேடல் வேறு பெயரின்றிச் செய்துவந்தது.

நூறாவது பிரிவு மன்னிப்புக்கும் கண்டனத்துக்கும் இடையே போட்ட எல்லைக்கோடு: இவர்மீது கூறப்பட்டது உண்மை, மன்றம் மன்னிக்கவில்லை என்று மட்டும் அது சொல்லும், தண்டனை ஏதும் கிடையாது. அதற்கு மேற்பட்ட பிரிவுகளிலும் அடி, பட்டினி, அறையில் பூட்டுதல் போன்றவற்றுக்கு இடமே இல்லை. செயல் தவறானது என்று கூறுதல், நீதிமன்ற இதழில் பெயரோடு வெளியிடுதல், பலகையில் ஒட்டுதல், குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதுதல் எனப் படிப்படியாகக் கடுமை ஏறும். தொள்ளாயிரமாவது பிரிவில், பொறுப்பேற்க ஒரு தோழர் முன்வந்தாலன்றி அந்தப் பிள்ளை இல்லத்தில் தொடர முடியாது; ஆயிரமாவது பிரிவு வெளியேற்றம், ஆயினும் மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சேர விண்ணப்பிக்கும் உரிமை அதிலும் உண்டு. கொடுமைக்கு இடம் தராத சட்டம் என்று இதைப் பாராட்டும்போது, பெயரை வெளியிடுதலும் ஒரு பிள்ளைக்குக் கடுமையான தண்டனையே என்பதை மறந்துவிடக்கூடாது. கோர்ச்சாக் அதை உணராதவர் அல்லர் என்பதற்கு, அந்த அளவுக்கு ஏற எத்தனை படிகளை அவர் குறுக்கே வைத்தார் என்பதே சான்று.

மன்றம் எடுத்த எடுப்பிலேயே வெற்றி பெற்றுவிடவில்லை. அற்பக் காரணங்களுக்கெல்லாம் வழக்குகள் குவிந்தன. வழக்குத் தொடுப்பேன் என்று சொல்லிச் சிறியவர்களை மிரட்டுவதும் நடந்தது. மூத்த பிள்ளைகளில் சிலர் மன்னிப்புத் தீர்ப்புகளை எள்ளி நகையாடினர். ஒரு கட்டத்தில் கோர்ச்சாக் மன்றத்தையே நான்கு வாரம் நிறுத்திவைத்தார். தம் திட்டம் சறுக்கியதை மறைக்காமல், 'ஒரு குழந்தையை எப்படி நேசிப்பது' என்ற நூலில் அவரே விரிவாக எழுதியிருப்பது கல்வி வரலாற்றில் அரிதான நேர்மை. மன்றம் மீண்டும் கூடியபோது மூன்று மாற்றங்கள் சேர்ந்திருந்தன. தீர்ப்பில் நிறைவில்லாதவர் ஒரு மாதம் கழித்து மேல்முறையீடு செய்யலாம். சிக்கலான வழக்குகளை ஓர் ஆசிரியரும் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த இரு நீதிபதிகளும் கொண்ட நீதிமன்றக் குழு விசாரிக்கும். பிள்ளைகள் பெரியவர்கள்மீதும் வழக்குத் தொடுக்கலாம்.

மூன்றாவது மாற்றமே இவ்வமைப்பை மற்றெல்லா முயற்சிகளினின்றும் பிரித்துக் காட்டுகிறது. ஆறு மாத காலத்தில் கோர்ச்சாக் ஐந்து முறை தம்மையே மன்றத்தில் நிறுத்திக்கொண்டார்: ஒரு சிறுவனின் காதில் அறைந்தது, ஒருவனைப் படுக்கைக் கூடத்திலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிறுத்தியது, ஒரு நீதிபதியை அவமதித்தது, ஒரு சிறுமியைத் திருடியதாகச் சந்தேகித்தது ஆகியவையே குற்றச்சாட்டுகள். முதல் மூன்றுக்கும், அவ்வாறு நடந்துகொள்ள அவருக்கு உரிமை இருந்தது என்னும் இருபத்தொன்றாம் பிரிவின்கீழ் தீர்ப்பாயிற்று. நான்காவதை, அவர் வருந்துவதால் எழுபத்தொன்றாம் பிரிவின்படி மன்னித்தார்கள். ஐந்தாவதில், குற்றச்சாட்டை மன்றம் கவனத்தில் கொண்டது என்னும் ஏழாம் பிரிவோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்தச் சில வழக்குகளே தம்மைப் புதிய ஆசிரியராக வார்த்தெடுத்தன என்ற கருத்தை அவர் அந்நூலில் பதிவுசெய்திருக்கிறார்: ஆசிரியர் குழந்தைக்குத் தீங்கு செய்யாமலிருப்பது அவருடைய அன்பைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது, அவருடைய அத்துமீறலிலிருந்து குழந்தையைக் காக்க ஓர் அமைப்பு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மன்றத்தைச் சுற்றி வேறு சில ஏற்பாடுகளும் இருந்தன. நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் பெயரெழுதும் பலகை ஒன்று தொங்கியது. நேரில் சொல்ல நாணும் பிள்ளைக்கு அது கைகொடுத்தது. ஆசிரியருக்கு எழுதிப் போடக் கடிதப் பெட்டி இருந்தது. அடித்தே தீருவேன் என்று நிற்பவர்கள் முன்கூட்டியே பதிவுசெய்துகொண்டு, ஒத்த வலிமையுள்ளவரோடு விதிகளுக்கு உட்பட்டுச் சண்டையிட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. எல்லாவற்றிலும் அழகியது பந்தயம் கட்டும் முறை. வாரம் ஏழு முறை சண்டையிடும் சிறுவன், வரும் வாரம் நான்கு முறைக்கு மேல் சண்டையிட மாட்டேன் என்று கோர்ச்சாக்கிடம் மிட்டாய்க்குப் பந்தயம் கட்டுவான். வார முடிவில் அவன் சொல்லும் கணக்கை அவர் அப்படியே நம்புவார், யாரிடமும் விசாரிக்க மாட்டார். ஒரேயடியாகத் திருந்தச் சொல்லாமல் ஏழை நான்காக்கச் சொன்னது, பிள்ளையின் மனத்தை நெருங்கி அறிந்த மருத்துவரின் அளவுக் குறிப்பு. சண்டைக்கான அனுமதியும் பந்தயமும் அன்றைய கல்வியாளர்களுக்கு எவ்வளவு விபரீதமாகப் பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் உலகப் போரில் ரஷ்யப் படையின் மருத்துவராகக் களத்தில் இருந்த காலத்தில்தான் 'ஒரு குழந்தையை எப்படி நேசிப்பது' நூலின் முதற்பகுதியைக் கோர்ச்சாக் எழுதினார். நாடுகள் வழக்காடத் தெரியாமல் பீரங்கியை நீட்டியிருந்த நேரம் அது. போருக்குப் பின் 1919இல் மரியா ஃபால்ஸ்கா என்னும் அம்மையாரோடு சேர்ந்து போலிஷ் பிள்ளைகளுக்காக உருவாக்கிய 'நாஷ் தோம்', அதாவது 'நம் வீடு', என்ற இல்லத்திலும் பிள்ளைகளின் தன்னாட்சி வேரூன்றியது. பிள்ளைகளே எழுதிய 'மாவி ப்ஷெக்லோந்த்' என்னும் வார இதழ் 1926இல் தொடங்கி, ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்த 1939 செப்டம்பர் 1 அன்று கடைசியாக வெளிவந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் க்ரோக்மல்னா தெரு இல்லம், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவுக்குள் தள்ளப்பட்டது. 1942 ஜூலை 18 அன்று, அங்கே பிள்ளைகள் இரவீந்திரநாத் தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகத்தை நடித்துக் காட்டினார்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளும் கோர்ச்சாக்கும் வில்ச்சின்ஸ்காவும் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கோர்ச்சாக்கின் எண்ணம் அவரோடு மடியவில்லை. குழந்தைகளின் உரிமைகளுக்கான சர்வதேச ஒப்பந்தம் ஒன்று வேண்டுமென்று 1978இல் ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்தது போலந்து. 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்ட அவ்வொப்பந்தத்தின் பன்னிரண்டாம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் காரியங்களில் தன் கருத்தைச் சொல்லவும் அது கேட்கப்படவும் குழந்தைக்குள்ள உரிமையை ஏற்கிறது. இடையில் அமெரிக்காவில் 1970களில் தொடங்கி 1980களில் வலுப்பெற்ற சகமாணவர் சமரசத் திட்டங்கள் வேறொரு பாதையில் சென்றன. அவற்றில் பயிற்சி பெற்ற மாணவர் இருவர் நடுவராக அமர்ந்து இரு தரப்பையும் பேசவைப்பார்கள். யார் குற்றவாளி என்று சொல்ல மாட்டார்கள். உடன்பாட்டைச் சண்டையிட்டவர்களே எட்ட வேண்டும். தீர்ப்பு வழங்கும் பழக்கத்தைவிட உடன்பாடு காணும் பழக்கமே பிள்ளைகளுக்கு நல்லது என்று இத்திட்டங்களை ஆதரிப்போர் சொல்வதில் வலு இருக்கிறது. கோர்ச்சாக்கின் மன்றம் இறுதியில் நீதிமன்றமே, சமரச மேடை அன்று. எனினும் இத்திட்டங்கள் பெரும்பாலும் மாணவருக்கும் மாணவருக்கும் இடையிலான பூசலோடு நின்றுவிடுகின்றன. ஆசிரியரின் கை ஓங்கியதைப் பற்றி மாணவர் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால், அதை எழுதிவைப்பதற்கான பலகை அவற்றில் இல்லை.