ரசிகனா, உளவாளியா?

இரணியல்காரர்களுக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். மதுரையும் இல்லை, சென்னையும் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வரைபடத்தில் கோடு மாறியது, விமானம் ஏறுகிற இடம் மாறவில்லை. வேளிமலை முருகன் வருஷா வருஷம் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போய்விட்டுத் திரும்புகிறார். இரணியல், திங்கள்சந்தை, தக்கலை ஆட்கள் அதே திசையில் கிளம்பி துபாய்க்கும் தம்மாமுக்கும் போகிறார்கள். முருகன் சீக்கிரம் திரும்பிவிடுவார். இவர்கள் இரண்டு வருஷம், மூன்று வருஷம் கழித்துத்தான்.

இப்போது ஒரு கேள்வி. வளைகுடாவுக்குப் போய்வந்த வீட்டு ஆல்பம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு இருப்பார். பெட்டி, டேப் ரெக்கார்டர், வெளிநாட்டுப் போர்வை எல்லாம் இருக்கும். அப்பாவைக் கொண்டுவந்து இறக்கிய விமானத்தின் படம் மட்டும் இருக்காது. கேமராதான் ஃபாரினிலிருந்து வந்துவிட்டதே, ஏன் எடுக்கவில்லை?

பயம்தான். அந்தப் பயத்துக்குப் பின்னால் 1937-ம் ஆண்டின் ஒரு விதி இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் அந்த விமானத் தளத்தின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1932. கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாடா தபால் விமானம் ஓட்டிய அதே வருஷம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் பெண்ணெடுத்த கர்னல் கோதவர்ம ராஜாவின் முயற்சியில் திருவனந்தபுரத்தில் ஒரு ஃபிளையிங் கிளப் தொடங்கியது. 1935-ல் டாடாவின் குட்டி விமானம் அங்கே வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். மகாராஜாவுக்கு வைஸ்ராய் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தும் அதில் வந்தது. ஆக, அந்த மண்ணில் இறங்கிய முதல் தபால் விமானம் ஒரு விருந்தாளி. அதைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

இரண்டே வருஷம். 1937-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு விமான விதிகளைக் கொண்டுவந்தது. அதில் 13-ம் விதி சொன்னது இதுதான்: அரசு விமானத் தளத்திலோ, பறக்கும் விமானத்திலிருந்தோ அனுமதியில்லாமல் படம் எடுக்கக்கூடாது. ஐரோப்பாவில் போர் மேகம் திரண்டுகொண்டிருந்த நேரம். மேலிருந்து எடுத்த ஒரு படம் ஒரு படைப்பிரிவுக்குச் சமம் என்பது முதல் உலகப்போரிலேயே தெரிந்துவிட்டது. எனவே விதியில் நியாயம் இல்லாமல் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே பிரிட்டன் நாலு வருஷத்தில் தன் சொந்த ஜனங்களை நேர் எதிராகப் பழக்கியது. ஜெர்மன் விமானங்கள் குண்டு போடுகின்றன. தலைக்கு மேலே போவது நம்முடையதா, எதிரியுடையதா? கீழே நிற்கிறவனுக்குச் சட்டென்று தெரியவேண்டும். 1941 ஜனவரியில் ‘தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்’ என்று ஒரு பத்திரிகையே ஆரம்பித்தார்கள். இறக்கை எப்படி இருக்கும், வால் எப்படி இருக்கும் என்று நிழலுருவப் படங்கள் போட்டுப் பாடம் நடத்தினார்கள். பள்ளிப் பையன்கள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி மனப்பாடம் செய்தார்கள். வானத்தை அண்ணாந்து பார்ப்பது தேசபக்தி!

போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. பையன்கள் வளர்ந்து விமான நிலைய வேலியோரம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். வால் பக்கம் எழுதியிருக்கும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு கேமரா வந்தது. கோடாக்ரோம் ஸ்லைடு எடுத்து, நாம் தபால்தலை மாற்றிக்கொள்வது போல நாடு விட்டு நாடு மாற்றிக்கொண்டார்கள். பலருக்கு ஹாங்காங்கின் பழைய கைடக் விமான நிலையம்தான் காசி. மாடிவீடுகளுக்கு மேலே, துணிக்கொடியைத் தொட்டுவிடுமோ என்கிற மாதிரி ஜம்போ ஜெட் திரும்பி இறங்கும். 1998 ஜூலையில் அதை மூடியபோது உலகம் முழுக்க எத்தனையோ பேர் துக்கம் கொண்டாடினார்கள்.

ஏன் இறங்கும்போது எடுக்கிறார்கள்? ஏறும்போது எடுத்தால் ஆகாதா? ஏறுகிற விமானம் எந்த இடத்தில் தரையைவிட்டு எழும்பும் என்று சொல்ல முடியாது. எடை குறைவென்றால் சீக்கிரம், அதிகமென்றால் தாமதம். இறங்குகிற விமானம் அப்படியில்லை. பெரும்பாலும் 3 டிகிரிச் சரிவில், கயிறு கட்டி இழுத்த மாதிரி வரும். கணக்குப் போட்டால், தரை தொடும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் உயரம் சுமார் 52 மீட்டர். வளைகுடாவிலிருந்து வரும் போயிங் 777 ரகத்தில் நீளமானது கிட்டத்தட்ட 74 மீட்டர். அதாவது, அதன் உயரத்தைவிட அதன் நீளம் அதிகம். வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் என்று வையுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் 14 வினாடி. சக்கரம் விரித்து, இறக்கை மடிப்பெல்லாம் நீட்டி, பருந்து கோழிக்குஞ்சுக்கு இறங்குகிற கோலத்தில் இருக்கும். அந்த 14 வினாடிக்காக வெயிலில் நாலு மணி நேரம் நிற்கிறார்கள். ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம்தான். தப்பினால் தப்பியதுதான்.

இதில் என்ன உளவு இருக்கிறது என்று கேட்பீர்கள். கிரீஸ் போலீஸ் வேறு மாதிரி நினைத்தது. 2001 நவம்பரில் கலமாத்தா விமானப்படைத் தளத்தில் 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் பிடித்தார்கள். கையில் நோட்டுப் புத்தகம், அதில் எண்கள். உளவாளி என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்று வருஷம் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் அந்த நவம்பரிலேயே எல்லோரும் விடுதலை. ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குத் தேசபக்தியாகக் கற்றுக்கொடுத்ததை, அறுபது வருஷம் கழித்து இன்னொரு நாடு தேசத்துரோகம் மாதிரி விசாரித்தது. நம் ஊரும் சளைத்ததில்லை. 2010-ல் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் தங்கி விமானம் பார்த்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கைதாகி, வாரக்கணக்கில் அல்லாடி, அபராதம் கட்டிவிட்டு ஊர்போய்ச் சேர்ந்தார்கள்.

போலீஸை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1984 ஆகஸ்ட் 2 ராத்திரி மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டில் முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் ஏர் இந்தியாவின் கனிஷ்கா ஜம்போ 329 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்தது. விமானம் பார்க்கக் குடும்பத்தோடு டிக்கெட் வாங்கிப் போகிற பார்வையாளர் மாடமெல்லாம் இந்தியாவில் பழங்கதையானதற்கு இப்படிப்பட்ட ரத்தம்தான் காரணம். திருவனந்தபுரமோ, விமானப்படையின் தெற்குக் கட்டளைத் தலைமையகம் இருக்கிற ஊர். தும்பா ராக்கெட் தளம் பக்கத்திலேயே.

ஆனால் ஒன்று. அந்த 13-ம் விதியை நிதானமாகப் படித்தால், அது விமானத் தளத்துக்கு உள்ளே இருப்பவனையும் விமானத்துக்குள் இருப்பவனையும் பற்றித்தான் பேசுகிறது. வெளியே பொதுச் சாலையில், கடற்கரையில் நின்று தலைக்கு மேலே போவதை எடுப்பவனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. விதி தொடாத இடத்தையும் பயம் தொட்டுவிட்டது. ஆல்பத்தில் அந்தப் படம் இல்லாமல் போனது அதனால்தான் என்பது என் கட்சி.

2004 டிசம்பரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொஞ்சம் இறங்கிவந்தது. பயணிகள் விமானத்துக்குள் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ராணுவத் தளங்களில் கூடவே கூடாது. 2020-ல் ஒரு நடிகை வந்த விமானத்தில் டி.வி.காரர்கள் அமளி செய்தபோது இந்தச் சுற்றறிக்கையை மறுபடி தூசி தட்டினார்கள். விதிக்குத் தாய்ச்சட்டமான 1934-ம் ஆண்டு விமானச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் போய், ‘பாரதீய வாயுயான் அதிநியம்’ வந்திருக்கிறது. பெயரைச் சொல்லிப் பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அதே 2025-ல் நடந்ததுதான் உச்சம். ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலிலிருந்து கிளம்பிய எஃப்-35பி போர் விமானம் திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கி, ஹைட்ராலிக் கோளாறில் மாட்டிக்கொண்டது. ஜூலை 22 வரை ஊர் திரும்பவில்லை. உலகத்தின் மிக ரகசியமான விமானங்களில் ஒன்று மழையில் நனைந்தபடி நிற்கிற படம் வாட்ஸ்அப் வாட்ஸ்அப்பாகப் பறந்தது. கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்து விளம்பரமே போட்டது. வளைகுடா விமானத்தைப் பையன் படம் எடுத்தால் ஆபத்து, போர் விமானத்தை ஊரே எடுத்தால் மீம்ஸ்!

இதே ஓடுபாதையில்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமி ஆறாட்டு ஊர்வலம் குறுக்கே நடந்துபோகிறது. ஏர்போர்ட் கட்டும் முன்பே சாமிக்குக் கடலுக்குப் போக அதுதான் வழி. சுமார் ஐந்து மணி நேரம் விமானம் கிடையாது. விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும். வாளோடு அரச குடும்பத்துத் தலைவர், யானை, பாஸ் வாங்கிய பக்தர்கள் எல்லோரும் தார்ப்பரப்பைத் தாண்டி சங்குமுகம் கடலுக்குப் போய், நீராட்டு முடிந்து தீவெட்டி வெளிச்சத்தில் திரும்புகிறார்கள். பிறகு ஓடுபாதையைச் சோதித்துப் பார்த்துத் திறக்கிறார்கள். முதல் விமானம் இறங்கும்போது நன்றாக இருட்டியிருக்கும். கீழே நிற்கிறவர்களுக்கு விளக்குகள் மட்டும்தான் தெரியும்.