கடலுணவுப் பயணம்: கொற்கைக் கரை

தாமிரபரணி கடலில் சேரும் பகுதியில், தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரையுள்ள கரையூர்களுக்கு மீனும் இறாலும் நண்டும் தேடிப் போய் உண்ணும் வழக்கம் பழையது. 'கடலுணவுச் சுற்றுலா' என்ற பெயர்தான் நேற்று வந்தது. கரைக்கு வரும் வழிப்போக்கருக்கு மீன் கொடுப்பது சங்க காலத்திலேயே பாட்டில் ஏறிவிட்டது. இந்தக் கரைக்கென்று ஒரு விசேஷம் உண்டு: ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளியது, துறை இடம் மாறிக்கொண்டே இருந்தது, துறை போன இடத்துக்கு அடுப்பும் போனது.

பாண்டியரின் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூர். கிரேக்க நூலான பெரிப்ளூசும் புவியியலாளர் தாலமியும் 'கொல்கோய்' என்று சொல்வது இதைத்தான். 19ஆம் நூற்றாண்டில் தமிழறிஞர் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. அறுத்த சங்குத் துண்டுகளும் மண்ணுக்குள் கிடைத்தன.

பழைய பயணச் சாப்பாட்டை அறிய ஆற்றுப்படை நூல்களை விடச் சிறந்த சான்று இல்லை. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் யார் வீட்டில் என்ன கிடைக்கும் என்பதையும் விடாமல் சொல்கிறான். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து மீனவரான நுளையர் கள்ளும், காய்ந்த குழல்மீனைச் சுட்டதும் தருகிறார்கள். வயல் பக்கம் போனால் வெள்ளைச் சோற்றோடு நண்டு. எயிற்பட்டினம் வடக்கே, மரக்காணம் பக்கம் இருந்ததுதான். ஆனால் அதே பாட்டு பாண்டியனைக் கொற்கைக் கோமான் என்கிறது. முத்தை உள்ளே இட்ட சிப்பியை உப்பு வணிகரான உமணரின் பிள்ளைகளும் மந்தியும் கிலுகிலுப்பை போல ஆட்டி விளையாடுவதைக் காட்டுகிறது.

சிப்பி விளையாட்டுப் பொருளானது தற்செயல் அல்ல. ஐரோப்பியக் கரைகளில் சிப்பி விருந்துப் பண்டம். முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையிலோ அதன் சதையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. மூழ்கி எடுத்த சிப்பியைக் கரையில் குவித்து, சதை அழுகிக் கரையும்வரை நாள்கணக்கில் ஈ மொய்க்க விட்டு, கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்தில் பசி எடுக்குமா என்ன? மாறாக, சங்கின் சதை கறியானது. ஓடு வளையலுக்கும் கோயிலுக்கும் போக, சதையைக் குளிகாரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்தார்கள், உப்பிட்டுக் காயவும் வைத்தார்கள்.

கொற்கையை மண் மூடியதும் துறை காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ 'காயில்' என்று எழுதிய ஊர் இதுதான். ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்தன. அரபு வணிகத் தொடர்பு அருகிலுள்ள காயல்பட்டினத்தின் சமையலில் இன்னும் மணக்கிறது. மாலத்தீவு மாசி அந்த மணத்தில் ஒன்று. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல இறுகும்வரை வெயிலில் காயவைப்பது மாசி. இடித்துச் சம்பலில் போட்டால் ஒரு சிட்டிகை போதும்.

அடுத்த துறை புன்னைக்காயல், அதை அடுத்துத் தூத்துக்குடி. 1530களில் இக்கரை மீனவரான பரதவர் போர்த்துக்கீசியர் வழியாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள், 1542இல் யேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் வந்தார். சமயம் மாறியதும் சாப்பாட்டு நாள்காட்டியும் மாறியது. தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சிக்கு விலக்கு, மீனுக்கு இல்லை. மிளகாயும் போர்த்துக்கீசியர் வழியாகவே இந்தியாவுக்கு வந்தது. ஆகவே இன்று நாம் 'பாரம்பரியம்' என்று பெருமைப்படும் குழம்பின் சிவப்புக்கு ஐந்நூறு வயதுகூட இருக்காது. அதற்கு முன்பு காரம் மிளகிலிருந்து வந்தது. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. முத்துக்குளிப்பு 1961இல் கடைசியாக நடந்தது. அதன் பிறகு இங்கே வலைதான் ஆட்சி.

இப்போது வருகிறவர் பார்க்க வேண்டிய இடம் உணவகம் அல்ல, தூத்துக்குடியின் திரேஸ்புரம் கரை. வள்ளங்கள் ஒதுங்கியதும் மீனைத் தரையில் கொட்டி ஏலம் தொடங்கும். ஏலக்காரர் வாயிலிருந்து உதிரும் எண்களை வெளியூர்க்காரர் பின்தொடர முடியாது. பெயர்களே தனி அகராதி. சென்னைக்காரர் வஞ்சிரம் என்பது இங்கே சீலா, மத்தி என்பது சாளை, கானாங்கெளுத்தி என்பது அயிலை. விளைமீன், பாறை, ஊளி, கணவாய் என்று குவியல் குவியலாகக் கிடக்கும். வாங்குகிற பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், சிவப்பு மங்கியிருந்தால் அடுத்த குவியலுக்கு நகர்வார்கள். விசைப்படகுகள் விடியுமுன் கிளம்பி அன்றிரவே மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்புவதால், பல நாள் ஐஸில் கிடந்த மீன் அங்கே குறைவு.

குழம்புக்கு இங்கே தேங்காய் அரைக்காமல் ஆகாது. புளிக்கரைசலில் அரைத்த விழுதைக் கலந்து, சின்ன வெங்காயம், பச்சை மாங்காய் அல்லது முருங்கைக்காய் சேர்த்து, கொதி அடங்கிய பிறகே மீனைப் போடுவார்கள். சாளை சீக்கிரம் வெந்து உடையும். அதனால் கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுவதுதான் கிளறல். மறுநாள் காலை பழையதற்கு அந்தக் குழம்பு இன்னும் நன்றாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஸ்காட்லாந்தின் ஓபன் என்ற சிறு துறைமுகம் தன்னை அந்நாட்டின் கடலுணவுத் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. ஆனால் ஸ்காட்லாந்தில் பிடிக்கும் நல்ல இறாலில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்கு ஏறிவிடுகிறது. தூத்துக்குடியிலும் அதே கதை. சிங்கி இறாலும் பெரிய நண்டும் ஏற்றுமதிக்குப் போக, ஊர்க்காரர் தட்டில் விழுவது சாளையும் காரலும். ருசியில் ஊர்க்காரருக்கு நஷ்டம் இல்லை என்பது வேறு விஷயம்.

கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட மணப்பாடு பக்கம் போகலாம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் கத்தோலிக்க மீனவ ஊர்களில் உண்டு, அதை மனத்தில் வைத்து நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டுமே வரும், விலை ஏறும், ஆனால் அன்றைக்குப் பிடித்தது அன்றைக்கே கிடைக்கும்.