மாட்டுக் கொட்டகையிலிருந்து மாத்ருபூதேஸ்வரர் வரை

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ரமணரின் தாயார் அழகம்மாளின் சமாதி இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1922 மே மாதம் அவர் மறைந்தார். சமாதிக்கு மேலே முதலில் நின்றது ஒரு ஓலைக் கொட்டகைதான். 1949 மார்ச் 17 அன்று அதே இடத்தில் கருங்கல்லில் கட்டிய மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இடையில் 27 வருஷம்.

தமிழ்நாட்டுக் கட்டடக்கலை மரத்திலிருந்தும் ஓலையிலிருந்தும் கல்லுக்கு வந்து சேரப் பல நூற்றாண்டுகள் ஆயின. அந்தப் பயணம் முழுவதும் இந்த ஒரு துண்டு நிலத்தில் 27 வருஷத்துக்குள் இன்னொரு முறை நடந்திருக்கிறது. நடுவே ஒரு மாட்டுக் கொட்டகையும் வருகிறது. என் கருத்து இதுதான்: நம்ம கோயில் மண்டபங்களைப் புரிந்துகொள்ள மாட்டுக் கொட்டகையைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

கொட்டகையின் இலக்கணம்

பழைய ஊர்க் கொட்டகையில் சுவருக்கு வேலையே கிடையாது. பாரம் முழுக்கக் கால்களுக்குத்தான். நடுவரிசையில் உயரமான கால்கள், இரண்டு பக்கமும் குட்டையான கால்கள். ஒவ்வொரு காலின் தலையிலும் இயற்கையாகவே ஒரு கவை இருக்கும்படி மரத்தைப் பார்த்து வெட்டுவார்கள். அந்தக் கவையில் உத்திரம் உட்காரும். ஆணி தேவையில்லை, கயிற்றுக் கட்டு போதும். நடுக்கால்கள் முகட்டு வளையைத் தாங்கும். முகட்டிலிருந்து பக்கத்து உத்திரம் வரை கைமரங்கள் சரியும். அதற்கு மேல் வரிச்சு, அதற்கு மேல் ஓலையோ புல்லோ கரும்புச் சோகையோ.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விவசாயிகள் கட்டிய மரக் களஞ்சியங்களின் அடிப்படையும் இதேதான். தூண், மேலே உத்திரம், அவ்வளவுதான். ஊரே கூடி ஒரே நாளில் சட்டத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். அங்கே பனியும் குளிரும் இருப்பதால் நாலு பக்கமும் பலகை அடித்து மூடுகிறார்கள். நம்ம ஊரில் காற்று வேண்டும் என்பதால் திறந்து விடுகிறோம்.

ஒரு கொட்டகை இரண்டு எதிரிகளைச் சமாளிக்க வேண்டும். ஒன்று, மேலிருந்து அழுத்தும் பாரம். இது சுலபம். இன்னொன்று, பக்கவாட்டில் தள்ளும் காற்று. காலை மண்ணில் ஆழமாக நட்டால் அது காற்றுக்கு அசையாது, ஆனால் மண்மட்டத்தில் ஈரமும் கரையானும் அதை அரித்துவிடும். கல்லின்மேல் நிறுத்தினால் மரம் நாள்படும், ஆனால் சட்டம் சாயாமலிருக்க மூலைக்கு மூலை சாய்வுக் கட்டை கொடுக்க வேண்டும். உலகத்தில் மரச்சட்டம் கட்டிய எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான்.

அங்கணம் என்ற அளவு

இரண்டு கால்களுக்கு இடையே உள்ள இடைவெளிக்குத் தமிழில் அங்கணம் என்று ஒரு பெயர் உண்டு. வீட்டை ‘மூணு அங்கணம்’, ‘அஞ்சு அங்கணம்’ என்று சொல்லும் வழக்கம் இருந்தது. ஆந்திராவின் நெல்லூர்ப் பக்கம் இன்றும் மனை விற்க இதையே ஒரு அளவாகப் பயன்படுத்துகிறார்கள். யோசித்துப் பார்த்தால் இது அடிக்கோல் தரும் அளவு இல்லை, மரம் தரும் அளவு. கிடைக்கிற கட்டை எவ்வளவு தூரம் தொய்யாமல் தாங்குமோ, அதுதான் ஒரு அங்கணம்.

இதற்குக் கணக்கு உண்டு. ஓர் உத்திரத்தின் மேல் பாரம் சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கட்டையை வைத்துக்கொண்டு இடைவெளியை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினால் கட்டையை வளைக்கும் விசை 2 மடங்கு ஆவதில்லை, 4 மடங்கு ஆகிறது. நடுவில் விழும் தொய்வோ 16 மடங்கு. மாறாக, உத்திரத்தின் அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் வலிமை 4 மடங்கு கூடும், விறைப்பு 8 மடங்கு கூடும். அதனால்தான் தச்சர்கள் உத்திரத்தைப் படுக்கப் போடாமல் நிறுத்திப் போடுகிறார்கள். சூத்திரம் எழுதி வைக்காமலே கண்டுபிடித்த விஷயம் இது.

மரம் கல்லானபோது

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரை எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் இதைச் செய்ததாக அங்கே கல்வெட்டு பொறித்தான். அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான் என்றால், அதுவரை வழக்கமாகக் கோயில் எதனால் கட்டப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது இல்லையா? மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் இன்னும் வெளிப்படை. கூரை வேய்ந்த ஒரு குடிசையை அப்படியே பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து நிஜக் குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை. கல்லில் எடுத்த நகல் மட்டும் மிஞ்சியது.

அண்ணாமலையார் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிருஷ்ணதேவராயர் காலத்தில் எழுந்தது. இங்கேயும் கால்தான், உத்திரம்தான். பெயர்கள்கூட மாறவில்லை. கவை இருந்த இடத்தில் போதிகை வந்திருக்கிறது. தூணின் தலையிலிருந்து இரண்டு பக்கமும் கைநீட்டி, உத்திரம் தாங்கலில்லாமல் கடக்க வேண்டிய தூரத்தைக் குறைப்பது அதன் வேலை.

ஆனால் கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. கருங்கல் அழுத்தத்தைப் பிரமாதமாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அழுத்தம் தாங்கும் வலிமையில் இழுப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். உத்திரம் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. மரம் தொய்ந்து காட்டி எச்சரிக்கும், கல் சொல்லாமல் உடையும். அதனால் கல் மண்டபத்தில் கால்கள் நெருக்கமாக நிற்க வேண்டியிருக்கிறது. ஆயிரங்கால் என்பதில் அரசனின் ஆடம்பரம் ஒரு பகுதி. மிச்சம், கல் வைத்த நிபந்தனை.

லட்சுமிக்கு ஒரு இடம்

1896 செப்டம்பர் 1 அன்று 16 வயதுப் பையனாகத் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், தொடக்க நாட்களில் இந்த மண்டபத்திலும் அதற்குள் இருக்கும் பாதாள லிங்கத்திலும்தான் இருந்தார். பிறகு மலைக்குகைகள், ஸ்கந்தாசிரமம். தாயார் மறைந்த பிறகுதான் மலையடிவாரத்து ஓலைக் கொட்டகை.

1926இல் ஒரு பக்தர் ஆசிரமத்துக்கு ஒரு பசுவையும் கன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். கன்றின் பெயர் லட்சுமி. மாடு கட்ட ஆசிரமத்தில் வசதியில்லாததால் ஊருக்குள் ஒருவரிடம் விட்டு வளர்த்தார்கள். லட்சுமி காலையில் தானாகவே ஆசிரமத்துக்கு நடந்து வந்து, பகல் முழுக்க இருந்துவிட்டு, சாயங்காலம் திரும்பிப் போகுமாம். பிறகு கோசாலை கட்டும் பேச்சு வந்தது. வேலையை மேற்பார்த்தவர் அண்ணாமலை சுவாமி. 1928இல் ஆசிரமம் வந்த இவர் கட்டட வேலை படித்தவரே அல்ல. வேலை செய்தே வேலையைக் கற்றுக்கொண்டவர்.

அவருடைய நினைவுகளில் இந்தக் கோசாலை ஒரு சண்டையாகவே வருகிறது. ஆசிரம நிர்வாகத்தைப் பார்த்துவந்த ரமணரின் தம்பி சின்னசுவாமிக்குக் கையிருப்புக்குத் தகுந்த சிறிய கொட்டகை போதும் என்ற எண்ணம். ரமணரோ பெரிதாகவே கட்டச் சொன்னார். அதுவும் அண்ணாமலை சுவாமியிடம் தனியாக. சின்னசுவாமியின் கோபத்தை வாங்கிக்கொண்டு அவர் பெரியதாகவே கட்டி முடித்தார். லட்சுமிக்கு நல்ல இடம் அமைந்தால் மற்றக் கட்டடங்களும் தானாக வந்துசேரும் என்று ரமணர் சொன்னதாக அவர் நினைவுகூர்கிறார்.

புண்ணியக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் சின்னசுவாமி தப்பாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கொட்டகையின் பெரிய வசதியே, இன்று மூன்று அங்கணம் போட்டுவிட்டு, நாளைக்கு இன்னொரு ஜோடி கால் நட்டு நான்காக்கலாம் என்பதுதான். ஓலைக்கும் மரத்துக்கும் அது சரி. நிலையான கட்டடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் நாளே அளவைத் தீர்மானித்தாக வேண்டும். ரமணரும் தம்பியும் மோதிக்கொண்டது இந்த இடத்தில்தான். கோசாலைக்குப் பிறகு சாப்பாட்டுக் கூடமும் வேதபாடசாலையும் வந்தன. 1939இல் தாயார் கோயிலுக்கு அஸ்திவாரமும் போட்டார்கள். லட்சுமி 1948 ஜூன் 18 வரை ஆசிரமத்திலேயே இருந்தது. அதன் சமாதியும் அங்கேயே இருக்கிறது.

ஆயிரங்கால் மண்டபம் பத்திரமாக இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு. அதன் மூலப்பிரதியான கொட்டகைதான் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இரும்புக் குழாயும் தகரமும் வந்த பிறகு கவை வைத்த காலைத் தேடி வெட்ட யாருக்கும் அவசியமில்லை. குறை சொல்லவில்லை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூரை மாற்றும் தொல்லை பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பிரிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எத்தனை அங்கணம், ஒரு அங்கணம் எத்தனை அடி, கால் என்ன மரம், மண்ணில் நட்டதா கல்மேல் நிறுத்தியதா, உத்திரத்தை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு நாலு படம் எடுத்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் ஒவ்வொரு கட்டைக்கும் என்ன பேர் என்று கேட்டுவிடுங்கள். கட்டைகளோடு அந்தப் பேர்களும் அடுப்புக்குப் போய்விடக் கூடாது.