தேரின் முட்டுக்கட்டையும் ஹெரால்டின் மரையும்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில், கலியுக வரதராசப் பெருமாள் கோயில் தேரோட்டம் இராமநவமியை ஒட்டி வரும் பெருவிழாவில் நடைபெறுகிறது. வடம் பிடிப்போரை ஊரே பார்க்கும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோரைப் பார்ப்பவர் சிலரே. மரத்தேரை இழுப்பது வடம். வீதி முனையில் திருப்புவதோ, சக்கரத்தின் முன் சாய்த்து இடப்படும் அந்தக் கட்டை. அது தேய்ந்தால் வருத்தமில்லை. பழைய கட்டையைப் பார்த்து ஊர்த் தச்சர் புதியதொன்றைச் செதுக்கிவிடுவார். தேரின் ஆயுளுக்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

பழைய மோட்டார் கார்களுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. அவற்றின் வரலாற்றை எழுதுவோர் எஞ்சினையும் உடலழகையும் பேசுவர். காரைத் திருப்பும் உறுப்புகளுக்கு மாற்று கிடைக்கிறதா என்பதே அதன் ஆயுளை முடிவு செய்கிறது என நாம் கருதுகிறோம். தமிழ்நாட்டில் இதற்குத் தக்க சான்று, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களே தொடரலாம் என்று 1953இல் இந்திய அரசு முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் வெளியேறின. அவற்றின் கார்கள் உதிரி உறுப்புக்கு நாதியற்றுப் போயின. எஞ்சிய நிறுவனங்களுள் ஒன்று சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். பிரிட்டனில் 1959இல் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டை அது 1961இல் இங்கே கொணர்ந்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அந்தக் கார், குறுகிய தெருக்களுக்கென்றே பிறந்தது போலிருந்தது.

அந்த நளினத்தின் விலை ஒரு சிறு உறுப்பில் மறைந்திருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது ட்ரன்னியன் எனப்படும் செம்புக் கலவை உறுப்புக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்தோறும் தண்டு அந்த மரையிலேயே சுழலும். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையின. அதற்குக் கியர் எண்ணெய் இட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. பழக்கத்தால் கிரீஸ் இட்டவர் பலர். எண்ணெய் வற்றி ஈரம் புகுந்தால் மரை துருவேறும். ஒருநாள் தண்டு முறியும், சக்கரம் மடங்கிச் சாயும்.

இங்கே ஹெரால்டைத் தொடர்ந்து 1972இல் கெசல் வந்தது. 1988இல் நிறுவனத்தின் கார் உற்பத்தியே நின்றது. பிறகு உரிமையாளருக்கு எஞ்சிய வழிகள் இரண்டு: புதுப்பேட்டையில் பழைய உறுப்பைத் தேடுவது, அல்லது லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்வது. பட்டறைக் கைத்திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பல கார்கள் இன்றும் ஓடுவது அதனால்தான். ஆனால் அளவைப் பார்த்து எடுக்கலாம், உலோகத்தின் உள்ளுறுதியைக் கண்ணால் எடைபோட முடியாது. கதவுக் கைப்பிடி தவறினால் கதவு திறக்காது, அவ்வளவே. ஸ்டியரிங் உறுப்பு தவறினால் உயிர் போகும்.

பிரிட்டனில் நிலை வேறு. அதே முன்சக்கர அமைப்பு ஸ்பிட்பயர் காரிலும் 1980 வரை தொடர்ந்தது. எனவே உறுப்பு வாங்குவோர் பலராயினர். 1977இல் தொடங்கிய டிரயம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் சங்கம் உரிமையாளரை ஒன்றுசேர்த்தது. தனியொருவருக்காக ஓர் உறுப்பை வார்ப்பது கட்டுப்படியாகாது. நூறு பேர் சேர்ந்து கேட்டால் வார்ப்பவர் கிடைப்பார். நம்மிடையே அம்பாசடர் நெடுங்காலம் பிழைத்ததும் இதனால்தான். 1957 முதல் 2014 வரை உற்பத்தியில் இருந்ததால், உறுப்பு செய்வோருக்கு வாங்குவோர் இல்லாமற் போகவில்லை.

ஆகவே பாதுகாக்க வேண்டியது அலமாரியில் அடுக்கிய உறுப்புகளை மட்டுமன்று. அவை ஒருநாள் தீரும். அளவு, உலோகக் கலவை, பதமிடும் முறை, எண்ணெயின் வகை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். தேவைப்படுவோர் சேர்ந்து செய்வித்து, சோதித்த பின்பே பொருத்த வேண்டும். முட்டுக்கட்டையின் இலக்கணம் தச்சரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மரையின் இலக்கணத்துக்கோ ஏடு வேண்டும். ஏடு தொலைந்த நூலுக்கு நேர்வது என்ன என்பதைத் தமிழ் படித்தோருக்குச் சொல்ல வேண்டுமா?