கொம்பு இடம் மாறிய கதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த திருப்பாவை, அதே வட்டாரத்தில் இருக்கும் எங்கள் சோழபுரத்துக்கு ஸ்விட்ஸர்லாந்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது என்று சொன்னால் நேயர்கள் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான். 1998-ஆம் வருஷம் பொங்கல் திருநாளில், லோசான் நகரில் வேலை பார்த்த கல்யாணசுந்தரம் என்ற ரசாயன விஞ்ஞானி சில அன்பர்களைச் சேர்த்துக்கொண்டு மதுரைத் திட்டம் என்ற காரியத்தைத் தொடங்கினார். பல தேசங்களில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் நம் பழைய நூல்களைக் கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாக அடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார்கள். நாலாயிர திவ்வியப் பிரபந்தமும் அதில் வந்தது. இராஜபாளையம் போய், பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்தால் ஆண்டாளைத் திரையில் தரிசிக்கலாம்.

தரிசித்தவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? தொப்பி போட்ட ஆங்கில எழுத்துக்களும், தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்துக்களும், பவுன் நாணயக் குறிகளும். மார்கழி எங்கே, நன்னாள் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

காரணம் எளிமையானது. கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். இன்ன எண்ணுக்கு இன்ன உருவம் என்று சொல்லிக் கொடுப்பது எழுத்துரு. பாண்ட் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஐரோப்பிய எழுத்துக்களுக்கு ஒதுக்கிய எண்களை நம்மவர்கள் தமிழுக்கு எடுத்துக்கொண்டார்கள். தமிழ் எழுத்துரு இருக்கும் யந்திரத்தில் அது தமிழ். இல்லாத யந்திரத்தில் பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்த கதம்பம். சரி, எழுத்துருவை ஒரு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்பீர்கள். தீரவில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம். ஒரு பத்திரிகையின் எழுத்துருவில் இன்னொரு பத்திரிகையைப் படிக்க முடியாது. ஒவ்வொரு பத்திரிகையும் தன் வீட்டைச் சுற்றி முள்வேலி போட்டுக்கொண்டு, வாசலில் 'எழுத்துருவை இங்கே பெறலாம்' என்று பலகை மாட்டியிருந்தது. பிரௌசிங் சென்டர் முதலாளியோ, வந்தவர் போனவரெல்லாம் தம் யந்திரத்தில் எதையும் ஏற்றக் கூடாது என்று வேறொரு பலகை மாட்டியிருந்தார். இரண்டு பலகைகளுக்கும் நடுவில் நின்றவன் வாசகன்.

இந்தச் சமயத்தில்தான் பிரௌசர்காரர்களின் சண்டை வந்து சேர்ந்தது. இணையப் பக்கத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்தான் பிரௌசர். உலாவி என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். ஆனால் ஜனங்கள் வாயில் பிரௌசரே நிலைத்தது. 1997-இல் நெட்ஸ்கேப்பும் மைக்ரோஸாப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் தத்தம் நாலாவது பதிப்பில் ஒரு நல்ல வசதியைக் கொண்டுவந்தன. எழுத்துருவை வாசகன் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பக்கத்தோடு சேர்ந்து அதுவே வந்து இறங்கும். தமிழர்களுக்கு வரப்பிரசாதம் அல்லவா? ஆனால் இரண்டு கம்பெனிகளும் இரண்டு விதமாகச் செய்தன. ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே தமிழில் தளம் அமைத்தவர் ஒரே எழுத்துருவை இரண்டு விதமாகச் சமைத்து, இரண்டு பிரௌசர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாறி மாறிப் பார்த்து, ஒன்றில் சரியாக வந்தது மற்றொன்றில் கோணலாக வந்ததும் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2000-இல் நெட்ஸ்கேப் தன் ஆறாவது பதிப்பை வெளியிட்டபோது அந்த வசதியையே கைவிட்டுவிட்டது. புதிய பிரௌசரை ஆசையோடு ஏற்றிக்கொண்டவர்களுக்கு நேற்றுவரை தெரிந்த தமிழ் இன்று தெரியவில்லை!

இணையத் தளம் அமைப்பவர்கள் உலகமெங்கும் பழைய பிரௌசர்களைச் சபித்தது தெரிந்த விஷயம். 2001 ஆகஸ்டில் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆறாம் பதிப்புக்குக் கிடைத்த வசவு வேறெந்த மென்பொருளுக்கும் கிடைத்திராது. போட்டியாளன் வீழ்ந்த பிறகு மைக்ரோஸாப்ட் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஏழாம் பதிப்பு வந்தது 2006 அக்டோபரில். ஐந்து வருஷ இடைவெளி. இதற்கிடையில் உலகத்தில் பெரும்பாலோர் கையில் அந்த ஆறாம் பதிப்புத்தான். ஒட்டிவைத்த படத்தின் பின்னால் கண்ணாடிபோல் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் பூசும். ஓரத்தில் விட்ட இடத்தைத் தானாகவே இரட்டிப்பாக்கும். பக்கம் கட்டியவர் ஒரு நாள் வேலை செய்தால், அந்தப் பிரௌசருக்காகத் திருத்த இன்னொரு நாள். 2010-இல் யூடியூப் முதலிய பெரிய தளங்கள் இனி இதற்கு ஊழியம் செய்ய மாட்டோம் என்று அறிவித்தன. மறு வருஷம் மைக்ரோஸாப்டே, தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொள்ள ஒரு தனித் தளம் திறந்தது. பெற்ற தாயே பிள்ளையைத் தள்ளிவைத்த கதைதான்.

அவர்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தின் மறுமுனையில் இருந்தவர் யார் என்று யாரும் அதிகம் விசாரிக்கவில்லை. ஏழாம் பதிப்பு விண்டோஸ் 98-இல் ஏறாது. எக்ஸ்பி இருந்தாலும், முதல் ஒரு வருஷம் அது காசு கொடுத்து வாங்கிய பிரதிதானா என்று சோதித்த பிறகே ஏற விட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் எத்தனை யந்திரங்கள் அந்தச் சோதனையில் தேறியிருக்கும் என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். எக்ஸ்பிக்கு எட்டாம் பதிப்பே கடைசி. ஒன்பதாவது வேண்டுமென்றால் விண்டோஸையே, பல சமயம் யந்திரத்தையே, மாற்ற வேண்டும். இராஜபாளையத்து நூற்பாலையின் கணக்குப்பிள்ளையோ, சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்து அனுப்பும் சின்ன முதலாளியோ, ஓடுகிற யந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிரௌசருக்காக வேறு வாங்குவாரா? அத்துடன், அரசாங்கத் தளங்கள் பலவற்றில் 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்' என்று எழுதி வைத்திருந்தார்கள். விட நினைத்தவனையும் விடவொட்டாத பிடி அது.

தமிழ்த் தளக்காரருக்கு இதைவிட விசித்திரமான சோதனை ஒன்று காத்திருந்தது. உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதில் 'கெ' என்று அடித்தால், யந்திரம் முதலில் ககரத்தையும் பிறகு கொம்பையும் வைத்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் போட வேண்டும். இந்தச் சின்ன இலக்கணத்தை விண்டோஸ் கற்றுக்கொள்ள 2000-ஆம் வருஷம் ஆயிற்று. அப்படியும், எக்ஸ்பியில் அதற்கென்று ஒரு இடத்தில் குறி போட்டு, விண்டோஸ் தட்டைக் கேட்கும்போது கொடுத்தால்தான் எல்லா மென்பொருளுக்கும் அது கிட்டும். எல்லோரும் திட்டிய ஆறாம் பதிப்பு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அந்தக் குறி இல்லாமலேயே கொம்பைச் சரியான இடத்தில் வைத்தது. எல்லோரும் புகழ்ந்த ஃபயர்ஃபாக்ஸ் வைக்கவில்லை! 2004-இல் வந்த அந்தப் புதிய பிரௌசரில் கொம்பு பின்னால் போய் நின்றது. குறி போட்ட யந்திரத்திலும், பத்தியின் இரு ஓரங்களையும் அச்சுப் புத்தகம்போல் ஒழுங்காக்கினால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே சிதறியது. 2008-இல் மூன்றாம் பதிப்பு வரும்வரை இந்த அவஸ்தை. ஓரத்தை நேராக்காதீர்கள், எங்களால் படிக்க முடியவில்லை என்று தமிழ் வலைப்பதிவர்களுக்கு வாசகர்கள் மன்றாடினார்கள்.

ஆகவே, பழையதை விடு, புதியதை எடு என்று அமெரிக்காவில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன புத்திமதியைத் தமிழ்த் தளக்காரரால் சொல்ல முடியவில்லை. எதை எடுத்தாலும் தம் வாசகரில் ஒரு பங்கு பேருக்குத் தமிழ் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் இரண்டையும் சபித்துக்கொண்டே இரண்டுக்கும் ஊழியம் செய்தார். மதுரைத் திட்டத்தார் ஒரே நூலைத் திஸ்கியில் ஒன்றும் யூனிகோடில் ஒன்றுமாக இரண்டு படி வைத்தார்கள். சுரதா 'பொங்கு தமிழ்' என்ற மாற்றியை ஆக்கிக் கொடுத்தார். ஒரு பெட்டியில் கதம்பத்தைப் போட்டால் மறு பெட்டியில் யூனிகோடுத் தமிழ் வரும்.

இங்கே ஒரு பழைய சங்கதி ஞாபகம் வருகிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 'லை', 'னை' முதலியவற்றின் துதிக்கையை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் சில பத்திரிகைகள் வெகுகாலம் பழைய உருவத்தையே அச்சிட்டன. அச்சாபீஸ்காரர்களுக்கு இரண்டு விதமும் கைவசம் இருக்க வேண்டியிருந்தது, முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் வாசகனுக்குக் குறை ஒன்றுமில்லை. பாட்டி பழையதைப் படித்தாள், பேத்தி புதியதைப் படித்தாள், ஒருத்தி கையில் இருந்ததை மற்றவள் வாங்கியும் படித்தாள். மனிதக் கண்ணுக்கு இருக்கும் இந்தத் தாராளம் பிரௌசருக்கு இல்லை.

அரசாங்கத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டி, தமிழ்99 விசைப்பலகையையும், தாம், தாப் என்ற இரண்டு குறியீடுகளையும் முடிவு செய்தார்கள். விசைப்பலகை நல்ல காரியம். இன்றும் விரல் பழகியவர்கள் விடமாட்டார்கள். ஆனால் ஒரு குறியீடு வேண்டிய இடத்தில் இரண்டைக் கொடுத்தது எனக்கு இன்றும் சமாதானமாகவில்லை. யூனிகோடைத் தமிழக அரசு முறைப்படி ஏற்றது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அப்போதும் தனியாகப் போகாமல் இன்னொரு குறியீடும் கூடவே வந்தது.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15-இல் விடை கொடுத்தார்கள். அது போனதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அந்த நாளைய பக்கங்களைப் பற்றித்தான். யூனிகோடுக்கு மாற்றாமல் விட்ட தமிழ்க் கட்டுரைகளும் கதைகளும் இருந்த இடத்திலேயே அனாதையாகக் கிடக்கின்றன. பெயர் தெரியாத எழுத்துருவில் எழுதியதை யார் திறந்து பார்ப்பார்கள்?

ஆனால் 2010-ஐ ஒட்டி நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கையடக்கப் போன்கள் பலவற்றில் அப்போது தமிழ் கிடையாது; சதுரம் சதுரமாகக் கட்டம் தெரியும். ஆபெரா மினி என்ற சின்னப் பிரௌசரில் ஒரு மறைவான பக்கம் உண்டு. அங்கே ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று மாற்றி வைத்தால், எங்கோ இருக்கும் அந்தக் கம்பெனியின் பெரிய யந்திரம் தமிழ் எழுத்துக்களைச் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து அனுப்பும். போனுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. படம் காட்டத் தெரிந்தால் போதும். அந்த மறைவான பக்கத்தின் விலாசத்தை ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். இராஜபாளையத்திலிருந்து சோழபுரம் வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டு, ஒரு சீட்டின் பின்புறத்தில் நானும் எழுதி வாங்கிக்கொண்டேன். எழுத்து கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. கொம்பு மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.