செவிக்குழல் இயர்போன்: பொருத்தமும் நாதப் பரீட்சையும்

செவிக்குழல் இயர்போன் என்பது, செவிமடலின் மேல் கவிந்தோ அதன் குழிவில் வெறுமனே தங்கியோ ஒலிக்காமல், மென்மையான சிலிக்கோன் அல்லது நுரைக் குமிழ் ஒன்றினால் செவிக்குழலின் வாயிலை அடைத்துக்கொண்டு, அக்குழலுக்குள்ளேயே நேராக ஒலியைச் செலுத்தும் சிறு சாதனமாகும். அறையில் வைத்த ஒலிபெருக்கி, கேட்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் ஒலியைத் தானே பூர்த்தி செய்துகொள்கிறது. இச்சாதனமோ, அணிந்தவரின் செவிக்குழலையும் செவிப்பறையையும் தன் அவயவங்களாக ஏற்றுக்கொண்ட பிறகே முழு வாத்தியமாகிறது. ஆகையால் இதன் நாதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல முற்படும் எவரும், அது செவியில் செவ்வனே அமர்ந்திருக்கிறதா என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். இயர்போனின் மேல் சுமத்தப்படும் குறைகளில் பல, குமிழுக்கும் தோலுக்கும் நடுவே நேரும் காற்றுக்கசிவைச் சேர்ந்தவை.

செவிக்குள் நுழையும் ஒலிச்சாதனம் நாம் எண்ணுவதைக் காட்டிலும் பழமையானது. பிரெஞ்சுப் பொறியியலாளர் எர்னஸ்ட் மெர்காதியே 1891இல் காப்புரிமை பெற்ற இரட்டைத் தொலைபேசிக் கேட்கருவி, செவித்துளையில் உராயாமலிருக்கவும் வெளியோசை புகாமலிருக்கவும் ரப்பர் உறை பூண்டிருந்தது. ஆயினும் இதன் நுண்ணிய விஞ்ஞானம், செவிப்புலன் குறைந்தோருக்குத் துணைக்கருவி செய்தவர்களிடத்திலேதான் வளர்ந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் மீட் கில்லியன் 1983இல் நிறுவிய எட்டிமோட்டிக் ரிசர்ச் என்னும் நிறுவனம், முதலில் செவிப்புலப் பரிசோதனைக்குரிய செருகு இயர்போன்களை ஆக்கி, அந்த அனுபவத்தின் பலனாக 1991இல் இசை கேட்பதற்கென்றே ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டது. 1995இல் வான் ஹேலன் இசைக்குழுவின் ஒலிப்பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, மேடையின் பேரிரைச்சலுக்கு நடுவே டிரம்ஸ் வாசித்த அலெக்ஸ் வான் ஹேலனுக்காக அவர் செவியின் அளவுக்கே வார்த்த இயர்போனைச் செய்து கொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அதிலிருந்தே தோன்றியது. 2016க்குப் பின் கம்பியில்லாத இயர்போன்கள் பரவியதனால், பாட்டுக்காரரின் தொழிற்கருவியாயிருந்த ஒன்று பேருந்தில் செல்லும் மாணவர் வரை எல்லோருக்கும் உரியதாயிற்று.

செவிக்குழல் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமும் 7 மில்லிமீட்டர் அகலமும் கொண்டு, நேராகச் செல்லாமல் இரண்டு இடங்களில் வளைந்து செவிப்பறையில் முடிகிறது. அதன் வெளிப்புற மூன்றிலொரு பங்கு குருத்தெலும்பினால் ஆனது. எஞ்சிய உட்பகுதி, மிக மெல்லிய தோல் போர்த்த எலும்பினால் ஆனது. வாயை அசைக்கும்போதெல்லாம் குருத்தெலும்புப் பகுதி உருமாறுகிறது என்பதும், ஒருவருடைய இரு செவிகளே ஒன்றுக்கொன்று முற்றும் ஒத்திருப்பதில்லை என்பதும், பொருத்தத்தின் சிரமங்களுக்கெல்லாம் மூலகாரணம். மேலும், ஒரு முனை திறந்தும் மறுமுனை செவிப்பறையால் மூடியும் இருக்கும் இக்குழல், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே 10 டெசிபெலுக்கு மேல் உயர்த்தித் தருகிறது. பிறந்தது முதல் அந்த உயர்வோடு கேட்டுப் பழகிய மூளை அதையே சமநிலையாகக் கொண்டிருக்கிறது; வாயிலை அடைத்ததும் அது மறைந்துவிடுவதால், மறைந்ததைத் திரும்பக் கொடுப்பது இயர்போனை வகுப்பவரின் முதற்கடமையாகிறது. அளவுப்படத்தில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே தெரியும் மேட்டைக் குறையென்று கருதுவோர் உண்டு. அந்த மேடு இல்லாத இயர்போன் மங்கி, மனிதக் குரலைத் திரைக்குப் பின்னே தள்ளிவிடும். இரு முனையும் அடைபட்ட குழலில் வேறொரு ஒத்ததிர்வும் புதிதாகப் பிறக்கிறது. அது பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸின் சுற்றுவட்டத்தில் நேர்வது. குமிழை ஓரிரு மில்லிமீட்டர் ஆழச் செருகினால் மேலே நகரும், வெளியே இழுத்தால் கீழே இறங்கும். ஒரே இயர்போன் ஒருவருக்கு 'ஸ', 'ச' ஒலிகளில் கூர்மையாகக் குத்துவதும் மற்றொருவருக்கு இதமாயிருப்பதும் பல சமயங்களில் இதனால்தான்.

மந்திர ஒலிகளின் கதி இதைவிடக் கடுமையானது. குமிழுக்கும் செவிப்பறைக்கும் இடையில் அடைபட்டிருக்கும் காற்று மிகச் சிறிதளவே ஆகையால், சிறிய படலம் ஒன்று அதை அழுத்தியும் தளர்த்தியும் கனத்த மந்திர ஓசையை உண்டாக்கிவிடுகிறது. ஆனால் மயிரிழை அளவுக்கு ஒரு வழி கிடைத்தாலும் அந்த அழுத்தம் வெளியேறி, பாஸ் என்று வழங்கும் கீழோசை முழுதும் மெலிந்து போகிறது. இதைக் கண்டறியும் பரீட்சை எளியது. 50 ஹெர்ட்ஸ் அளவிலான சீரான மந்திர ஒலியையோ, பழகிய பாட்டொன்றையோ ஓடவிட்டு, இயர்போனை விரல்நுனியால் மெல்ல உள்ளே அழுத்த வேண்டும். அப்போது கீழோசை பெருகுமானால், அதற்கு முன்பிருந்த பொருத்தம் பூரணமானதல்ல. வாயைத் திறந்தும் மென்றும் தலையைத் திருப்பியும் பார்த்தபின் ஓசை மாறாதிருந்தால் அது ஸ்திரமாக அமர்ந்திருக்கிறது எனலாம். குடத்துக்குள் பேசுவது போல் அணிந்தவரின் குரலே தலைக்குள் முழங்குவதும் நன்றாக அடைபட்டதன் அடையாளமே. குமிழ் எலும்புப் பகுதியை எட்டும் அளவுக்கு ஆழச் சென்றால் இம்முழக்கம் தணிகிறது.

அணியும் முறையிலும் விவேகம் வேண்டும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுசென்று செவிமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழலின் வளைவு நிமிர்ந்து வழிவிடும். நுரைக் குமிழை விரல்களுக்கிடையே உருட்டி ஒடுக்கிச் செருகி, அது விரிந்து நிரம்பும் வரை அரை நிமிஷமாவது பிடித்திருத்தல் அவசியம். பெட்டியுடன் வரும் சிறிய, நடுத்தர, பெரிய சிலிக்கோன் குமிழ்களை எல்லாம் போட்டுப் பாராமல், முன்பே மாட்டியிருந்ததைக் கொண்டே தீர்ப்புச் சொல்வது அச்சாதனத்துக்கு இழைக்கும் அநீதியாகும். இடச் செவிக்கு ஒன்றும் வலச் செவிக்கு வேறொன்றுமாக அமைவதில் தவறேதுமில்லை. பெரிய குமிழே நன்றாக அடைக்கும் என்ற எண்ணம் பிழையானது. அளவுக்கு மிஞ்சியது ஓரத்தில் மடிந்து கசிவை உண்டாக்குவதோடு, நேரம் செல்லச் செல்ல நோவையும் தரும். நோவு தரும் இயர்போன், அதன் நாதம் எத்தனை உயர்ந்ததாயினும், அச்செவிக்கு ஏற்றதல்ல. கம்பியுள்ள வகையில் கம்பி சட்டையில் உரசும் ஓசை நேரே செவியை எட்டுமாதலால், கம்பியைக் காதுக்கு மேலாகச் சுற்றி அணிவது பெரிதும் உதவும்.

பொருத்தம் நிச்சயமான பின்னரே நாதப் பரீட்சை தொடங்குகிறது. அதில் முதல் எதிரி ஒலியின் அளவு. அளவு குறையும்போது மந்திர ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் நடு ஒலிகளைவிட விரைவாகச் செவிக்கு மங்குகின்றன என்பதை பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃபிளெச்சரும் மன்சனும் 1933இல் வரைந்து காட்டினர். ஆகையால் இரண்டு இயர்போன்களில் சற்றே உரக்க ஒலிப்பது, வேறு சிறப்பேதும் இல்லாமலே, நிறைவானதாகத் தோன்றி மயக்கும். இரண்டின் அளவையும் சமமாக்காமல் ஒப்பிடுவது பயனற்றது.

எதைக் கேட்டுப் பரீட்சிப்பது என்பதில், புகழ்பெற்ற மேனாட்டுப் பதிவுகளைத் தேடுவதைவிடத் தமக்கு நெருக்கமான சங்கீதத்தையே கொள்வது சிறந்தது. மேடையருகே அமர்ந்து கேட்ட வாத்தியத்தின் ஞாபகமே நம்பத்தக்க உரைகல். கர்நாடக சங்கீதத்தில் பழகிய செவிக்கு மிருதங்கம் ஒன்றே போதும். தோலின் மேற்சுரங்கள் இயல்பாக ஒழுங்கற்றவையாயிருக்க, வலந்தலையில் இடப்படும் 'சோறு' என்னும் கரும்பூச்சின் பாரத்தால் அவை ஆதார சுரத்தோடு இசைந்த மேற்சுரங்களாகின்றன என்பதை சி. வி. ராமனும் அவருடைய உடனாய்வாளரும் 1920இல் நேச்சர் இதழில் விளக்கினர். அந்த இசைவே வலந்தலையின் ஒவ்வோர் அடிக்கும் நிச்சயமான சுருதியைத் தருகிறது. நல்ல இயர்போனில் அச்சுருதி தெளிவாகக் கேட்கும். இடந்தலையான தொப்பியின் கும்கி என்னும் முழக்கம், கனமாக எழுந்து, வளைந்து, உரிய நேரத்தில் அடங்கும். கீழோசையை மிகைப்படுத்தும் இயர்போனிலோ தொப்பியின் முழக்கம் அடங்காமல் பரவி, வலந்தலையையும் பாடகரின் கீழ்ஸ்தாயியையும் மூடிவிடும். தம்புரா மற்றொரு தரமான சாட்சி. அதன் ஜீவா நூல் எழுப்பும் மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து மறைவதைத் தனித்தனியே பின்பற்ற முடிகிறதா என்று கேட்க வேண்டும். நாகஸ்வரமோ, உச்ச ஒலிகளில் மிகையுள்ள இயர்போனைச் சில விநாடிகளிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கருவி கொண்டு அளக்கும் முறை தனியே வளர்ந்துள்ளது. நோல்ஸ் நிறுவனம் 1972இல் உருவாக்கிய கீமார் என்னும் செயற்கைத் தலையும், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1981இல் 711 என்ற எண்ணால் வரையறுத்த செயற்கைச் செவியும் இதற்குப் பிரமாணமாயின. ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர், கேட்போரின் விருப்பத்தைப் பரீட்சித்து நிர்ணயித்த இலக்கு வளைவுகள் இன்று பலராலும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் செவிக்குழல் இயர்போனுக்குரியது ஹெட்போனுக்குரியதைவிட மிகுதியான கீழோசையை வேண்டுகிறது. ஆயினும் செயற்கைச் செவி ஒரு சராசரிச் செவியே. 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் சாட்சியம் தளர்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் அவரவர் செவியே முடிவு சொல்லத் தக்கது.

ஒலியை எழுப்பும் உறுப்பு டைனமிக் டிரைவரா, பேலன்ஸ்டு ஆர்மேச்சரா, எத்தனை டிரைவர்கள் என்பவை விளம்பரத்தில் பெறும் இடத்தை நாதத்தில் பெறுவதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பல ஆர்மேச்சர்கள் கொண்ட இயர்போனின் மின்னெதிர்ப்பு சுரத்துக்குச் சுரம் பெரிதும் மாறுமாதலால், இயக்கும் கருவியின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு மிகுந்திருந்தால் அதன் ஒலிச் சமநிலையே மாறிவிடும்.

பொருத்தத்தின் பயன் நாதத்தோடு நின்றுவிடுவதில்லை. நன்றாக அடைபட்ட செவிக்குள் ரயிலின் இரைச்சல் குறைவாகவே புகுவதால், குறைந்த ஒலியிலேயே பாட்டு நிறைவாகக் கேட்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு கூறுகிறது. 3 டெசிபெல் உயரும்தோறும் அந்நேரம் பாதியாகிறது. கசிவுள்ள இயர்போனை அணிந்து, மெலிந்த கீழோசையை ஈடுசெய்ய ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறவர் இவ்வரம்பை அறியாமலே கடந்துவிடுகிறார்.

நாள்பட்ட உபயோகத்தில், குமிழின் வாயிலுள்ள நுண்வலையில் குறும்பி படிந்து ஒரு பக்கத்து ஒலி மெலிவது சாதாரணம். இடவல ஒலிகள் சமமாயில்லை என்று தோன்றினால், இரு பக்கத்து இயர்போன்களையும் செவி மாற்றி அணிந்து பார்க்க வேண்டும். மெலிவு இயர்போனோடு இடம் மாறினால் வலையைத் துடைத்தோ மாற்றியோ சரிசெய்துகொள்ளலாம். குமிழ்களும் நன்றாகப் பொருந்தியிருக்க, மெலிவு அதே செவியில் நிலைத்திருந்தால் காது மருத்துவரிடம் காட்டுவது தகும்.