நில அளவை அலகு மாற்றம்

நில அளவை அலகு மாற்றம் என்பது ஏக்கர், சென்ட், சதுர அடி ஆகிய பிரிட்டிஷ் அளவுகளை ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் ஆகிய மெட்ரிக் அளவுகளாகவும், மெட்ரிக் அளவுகளைப் பிரிட்டிஷ் அளவுகளாகவும் மாற்றிக் கணக்கிடும் முறை. தமிழ்நாட்டில் நிலம் வாங்குகிறவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டியிருக்கிறது. ஊர்ப்புறத்தில் விலை பேசுவது சென்ட் கணக்கில், சென்னையில் கிரவுண்ட் கணக்கில். கிராமப் பட்டாவில் இருப்பதோ ஹெக்டேரும் ஏரும்.

ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. இந்த எண் சங்கிலி அளவையிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எட்மண்ட் கன்டர் வகுத்த சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கு சென்ட். அடியில் சொன்னால் ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று பின்னமாக நிற்கும். கண்ணியில் சொன்னால் சரியாக 1,000 சதுரக் கண்ணி. கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஏறத்தாழ ஐந்தரை சென்ட்.

இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறைக்கு மாறியது. 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒரு கெஜம் 0.9144 மீட்டர் என்று உடன்பட்டதால், ஓர் அடி மிகச் சரியாக 0.3048 மீட்டர் ஆயிற்று. பரப்புக்கு இந்த எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: 100 சதுர மீட்டர் என்பது 328 சதுர அடி அல்ல, 1,076 சதுர அடி. அதுவே ஓர் ஏர், 2.471 சென்ட். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர், 2.471 ஏக்கர்.

ஹெக்டேரை இரண்டரை ஏக்கர் என்று கொள்வது பேச்சுக்குப் போதும், கிரயத்துக்குப் போதாது. 12.50 ஏர் நிலத்தை அப்படிக் கணக்கிட்டால் 31.25 சென்ட் வரும், உண்மையில் 30.89தான். இடைவெளி சுமார் 158 சதுர அடி, ஓர் அறையின் பரப்பு.

பட்டாவில் ‘1 - 05.00’ என்றிருந்தால் நடுவிலுள்ள கோடு ஹெக்டேரையும் ஏரையும் பிரிப்பது. தசமப் புள்ளி அல்ல. அது 1.05 ஹெக்டேர், அதாவது 2.59 ஏக்கர். 05இன் பூஜ்யத்தை விட்டு ஒன்றரை ஹெக்டேர் என்று படித்துவிட்டால் ஓர் ஏக்கருக்கு மேல் பிசகிவிடும். பழைய பத்திரத்தில் 1 ஏக்கராக உள்ள நிலம் பட்டாவில் ‘0 - 40.50’ என்று இருக்கலாம். சரியான அளவு 40.47 ஏர், முழுமையாக்கியதால் கூடியது 3 சதுர மீட்டர், களத்தில் நிலம் கூடவில்லை.